பன்னிரண்டும் முழுச் சுற்றுதான்

கோல்ஃப் விதிகளை வகுக்கும் செயிண்ட் ஆண்ட்ரூஸ் ஆர் அண்ட் ஏ அமைப்பின் அலுவலர்களுக்கு,

ஸ்காட்லாந்தின் அரான் தீவில், பிளாக்வாட்டர்ஃபுட் ஊரோரக் கடற்கரையில் இருக்கும் ஷிஸ்கின் கோல்ஃப் மைதானத்தில் 12 குழிகள்தான், வழக்கமான 18 இல்லை. வெளியூர்க்காரரும் கட்டணம் கட்டி ஆடலாம். அங்கே ஆடினேன் என்று சொன்னால், "மீதி ஆறு?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள்.

அந்த ஆறும் ஒரு காலத்தில் இருந்தவையே. 1896-ல் வில்லி ஃபெர்னி 9 குழிகளோடு அமைத்ததை, பின்னாளில் வில்லி பார்க் ஜூனியர் 18 ஆக்கினார். முதல் உலகப் போருக்குப் பிறகு மேட்டு நிலத்துக் குழிகள் ஆறும் கைவிடப்பட்டன. நல்லதாயிற்று என்பேன்.

மூன்றாவது குழியின் பெயர் 'காக்கைக் கூடு'. தூரம் 130 கஜம்கூட இல்லை. ஆனால் பந்தைச் செங்குத்தாக மேலே ஏற்ற வேண்டும். தூண் தூணாக நிற்கும் பாறையின் இடுக்கில் புல்தரை ஒளிந்திருக்கிறது. முன்னால் போனவர்கள் ஆடி முடித்து மேலிருந்து அடையாளம் காட்டும்வரை கீழே காத்திருக்க வேண்டியதுதான். அடித்த பந்து என்னவாயிற்று என்பது மூச்சிரைக்க ஏறிப் பார்த்தால்தான் தெரியும். இன்றைய வடிவமைப்பாளர் யாராவது இப்படியொரு வரைபடத்தை நீட்டினால் வேலை போய்விடும்.

18 என்ன தெய்வ வாக்கா? உங்கள் ஊர் மைதானமே 1764-ல்தான் 22-லிருந்து 18-க்கு இறங்கியது. 1860 அக்டோபர் 17 அன்று, அரானுக்கு எதிர்க்கரையில் உள்ள பிரெஸ்ட்விக்கில் முதல் ஓபன் கோல்ஃப் போட்டி நடந்தபோது அங்கே இருந்தவை 12 குழிகள். மூன்று சுற்று ஆடி 36 என்று கணக்கை முடித்தார்கள். வென்றவர் வில்லி பார்க் சீனியர். அவருடைய மகன்தான் ஷிஸ்கினை 18-க்கு இழுத்துக்கொண்டு போனார்! அப்பாவுக்குப் போதுமானது பிள்ளைக்குப் போதவில்லை.

18 அல்லது அதற்குக் குறைவான குழிகள் ஒரு சுற்று என்று உங்கள் விதிநூலே சொல்கிறது. 2016 முதல் 9 குழிகளுக்கென்று தனிப் போட்டியும் நடத்தினீர்கள். 12-க்கும் ஒன்று நடத்துங்கள். புதிதாகப் பொது மைதானம் அமைக்க வருகிற ஊராட்சிகளிடம், பன்னிரண்டோடு நிறுத்தலாம், நிலமும் தண்ணீரும் மிச்சமாகும் என்று எழுத்திலேயே சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்.

முதல் போட்டியை ஷிஸ்கினிலேயே வைக்கலாம். பார்வையாளர் மாடத்தை மட்டும் மூன்றாவது குழிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஆடுபவர்களுக்கே நிற்க இடம் போதாது.

இப்படிக்கு,
கட்டணம் கட்டி ஆடும் ஒருவன்