பட்டியலில் எம்மவர் பெயர்

கடந்த மாரியில் ஒரு தாய் எமது அலுவலக வாசலில் வந்து நின்றார். 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கிலிருந்து கைக்குழந்தையோடு புறப்பட்டவர். காணியின் ஒரு பகுதி இன்னும் கைக்கு வரவில்லை. குத்தகைத் தறையில் வெங்காயம் செய்கிறார். உள்ளே வாங்கோ அம்மா என்றோம். "சுவாமி, நான் ஏமாந்து போனன்" என்றார்.

நடந்தது இதுதான். கைத்தொலைபேசியில் ஒருவர் அழைத்திருக்கிறார். மரியாதையான பேச்சு. இவரது முழுப்பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம் எல்லாவற்றையும் அவரே வாசித்துக் காட்டி, "அம்மா, வீட்டுத்திட்டத்தில உங்கட பெயர் வந்திருக்கு. காசு போடுறதுக்கு வங்கி அட்டையின்ர இலக்கத்தையும், இப்ப போனுக்கு வாற ஆறு இலக்கத்தையும் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டுக்காகக் காத்திருந்தவர் சொல்லிவிட்டார். கிணற்று மோட்டாருக்கென்று சகோதரன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணம் சில நிமிடங்களில் போய்விட்டது. பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். பணம் திரும்பவில்லை.

படித்தவர்கள் சிலர், "ஏன் இலக்கத்தைச் சொன்னவ?" என்று அவரையே குற்றஞ்சாட்டினர். எமக்கு வேறொரு கேள்வி எழுந்தது. அழைத்தவனுக்கு இவ்வளவும் எப்படித் தெரிந்தது?

தேடிப் பார்த்தபோது எமக்கே தலைகுனிவாயிற்று. அதற்கு ஒரு மாதம் முன்பு, வீட்டுத்தோட்ட உதவிக்குத் தெரிவானவர்களின் பட்டியலை நாமே அறிவித்தல் பலகையில் ஒட்டியிருந்தோம். பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம் என்று நான்கு நிரல்கள். ஒளிவுமறைவின்றி வேலை செய்கிறோம் என்று காட்டவே அப்படிச் செய்தோம். யாரோ ஒரு தம்பி, நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று அதைப் படமெடுத்து முகநூலில் போட்டிருக்கிறார். திருடன் அதிலிருந்துதான் எடுத்தான் என்று எம்மால் நிரூபிக்க முடியாது. ஆயினும் அந்தத் தாயின் வரி அங்கே தெளிவாக நின்றது. தட்டச்சுச் செய்தது எமது கணினி.

பட்டியல் என்பது எமது மக்களுக்குப் புதிய பொருளன்று. பெயர் பட்டியலில் இருந்தால்தான் நிவாரண அரிசி. பெயர் வேறொரு பட்டியலில் இருந்தால் வீட்டுக்கு ஆள் வரும். தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்றவர்கள் இன்றும் எம்மிடையே உள்ளனர். சோதனை வருகிறதென்றால் படங்களையும் கடிதங்களையும் அடுப்பில் போட்ட வீடுகளை, பள்ளிச் சிறுவர்களாயிருந்த நாமே கண்டிருக்கிறோம். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தபோது பலர் நகையோடு சேர்த்து உறுதியையும் மடியில் கட்டிக்கொண்டார்கள். 2011இன் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் இராணுவம் வீடு வீடாகக் குடும்ப விபரம் பதிந்தபோது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் சென்றனர். அவ்வாண்டு மார்ச்சில், பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு மன்றில் உறுதியளித்தது. "தரவுப் பாதுகாப்பு" என்ற சொல்லை அறியுமுன்னரே அதன் பொருளை அறிந்தவர்கள் எம்மவர்கள். சீருடைக்காரர் கேட்டால் தயங்கிய நாம், தொலைபேசி கேட்டால் மட்டும் ஏன் தயங்குவதில்லை?

அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமன்று. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணானால் அதனோடு 500 கூட்டப்படும். 68552 என்று தொடங்கினால் அவர் 1968 பெப்ரவரி 21இல் பிறந்த பெண். 2016 முதல் வழங்கப்படும் 12 இலக்க அட்டையில் ஆண்டு நான்கு இலக்கமாயிற்று, முறை மாறவில்லை. பிறந்த திகதியையே இரகசிய இலக்கமாக வைத்திருப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும்.

இந்த இலக்கத்தை இன்று எத்தனை இடத்தில் கொடுக்கிறோம்! சிம் அட்டைக்கு, 2022இல் எரிபொருள் கியூ.ஆருக்கு, 2023இல் அஸ்வெசுமவுக்கு. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி வடக்கில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருமாறு அறிவித்தபோது, உறுதிகளைத் தூக்கிக்கொண்டு எம்மவர்கள் ஓடித் திரிந்தார்கள். அந்த வர்த்தமானி பலத்த எதிர்ப்பின் பின் கைவிடப்பட்டது. ஆனால் கொமினிக்கேசன் கடைகளில் அன்று ஸ்கான் செய்து, கடைக்காரரின் வட்ஸ்அப் வழியாகக் கனடாவுக்கும் லண்டனுக்கும் அனுப்பிய உறுதிகள் அந்தக் கணினிகளில் இன்னும் கிடக்கலாம். கடைக்காரர்மீது எமக்குச் சந்தேகமில்லை. அவரது கணினியை நாளை யார் வாங்குவார் என்பதே கேள்வி. கள்ள உறுதி முடிக்கும் கூட்டத்துக்கு வேண்டியது உறுதியின் பிரதியும் அடையாள அட்டையின் பிரதியுந்தான். ஆகவே அனுப்பிய கையோடு, உங்கள் கண்முன்னே அழிக்கச் சொல்லுங்கள். அட்டைப் பிரதி கொடுக்கும்போது, என்ன தேவைக்கு, என்ன திகதி என்று அதன் குறுக்கே பேனையால் எழுதிவிடுங்கள்.

தொலைபேசிக்கு வரும் ஆறு இலக்கம் உங்கள் பெட்டகத்தின் திறப்பு. எந்த வங்கியும் அதைக் கேட்காது. விதானையாரும் கேட்கமாட்டார், நாமும் கேட்கமாட்டோம். வட்ஸ்அப்புக்கு வரும் இலக்கமும் அப்படியே. அதைச் சொன்னால் உங்கள் பெயரில் இன்னொருவன் உங்கள் மகனிடமே பணம் கேட்பான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு. உம்மைப்பற்றி ஒரு நிறுவனம் வைத்திருப்பதை அறியவும் திருத்தவும் அழிக்கக் கோரவும் அது வழி சொல்கிறது. ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. அவ்வாண்டிலேயே சட்டமும் திருத்தப்பட்டது. கொழும்பில் சட்டம் வேகம் பிடிக்கும்வரை, எம்மைப்போன்ற தொண்டு நிறுவனங்கள் சும்மா இருக்கலாமா? அரசைக் குறைகூறுவது எமக்குச் சுலபம். எமது அலுமாரியில் மட்டும் பதினைந்து ஆண்டுகளின் படிவங்கள் இருந்தன. யார் விதவை, யாருக்குக் கடன், யாருடைய பிள்ளை காணாமற்போனது என்று, திறப்பில்லாத அலுமாரியில்.

இப்போது பூட்டுப் போட்டிருக்கிறோம். தேவையற்ற படிவங்களை எரித்தோம். அறிவித்தல் பலகையில் விண்ணப்ப இலக்கம் மட்டுமே இனி வரும். முகநூலில் இருந்த படத்தை அந்தத் தம்பி கேட்டவுடன் எடுத்துவிட்டார். அதை எத்தனை பேர் பகிர்ந்தார்களோ தெரியாது.

மீதியாயிருப்பது படங்கள். மண்வெட்டி கொடுக்கும்போது, வாங்குபவர் முகம் தெரிய எடுத்து நாட்காட்டியில்கூட அச்சிட்டிருக்கிறோம். விருப்பமா என்று ஒருவரையும் கேட்டதில்லை. சென்ற மாதம் முதன்முறையாகக் கேட்டோம். ஒரு பெரியவர், "படம் வேண்டாம் சுவாமி, மண்வெட்டி காணும்" என்றார். அவருக்குப் படமில்லாமலே கொடுத்தோம். முகங்கள் இல்லாத அறிக்கையை ஏற்பீர்களா என்று நிதி உதவுவோருக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.