பழங்கணினியும் புதிய இயங்குதளமும்

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோஸாப்ட் நிறுவனத்தார் வழக்கமாக அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றன. மாணவர் பலர் கையிலுள்ள பழங்கணினிகளோ, அதன் பின்வந்த விண்டோஸ் 11-ஐ ஏற்கத் தகுதியற்றவை என அந்நிறுவனத்தாரால் விலக்கப்பட்டவை. அங்ஙனம் விலக்கப்பட்ட கணினியில் அதனை நிறுவி ஆளுதல் தகுமோ? தகும் என்பதே எம் கருத்து; ஆயின் எல்லாக் கணினிக்கும் அன்று, எல்லார்க்கும் அன்று.

தகுதியின்மை என்னும் சொல் ஈண்டு இருபொருள்பட வழங்குகின்றது. ஒன்று இயலாமை, மற்றொன்று இசையாமை. ஓரெண்ணினுள் எத்தனை ஒன்றுகள் உள என எண்ணும் 'பாப்கவுண்ட்' என்னும் கட்டளையை அறியாத செயலியில், 2024-இல் வெளிவந்த பதிப்பு தொடங்கவும் மாட்டாது. கோர் 2 காலத்துச் செயலிகள் அத்தகையன. அவற்றின்கண் எச்சூழ்ச்சியும் பலியாது. இஃது இயலாமை. இன்டெல்லின் ஆறாந் தலைமுறைச் செயலிகளோ அக்கட்டளையை நன்கறிந்தவை. டி.பி.எம். 2.0 வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. அத்தலைமுறைக் கணினிகள் பலவற்றில் அதுவும் உண்டு. எனினும் வாயில் திறக்கவில்லை! ஏழாந் தலைமுறையிலோ மிகச் சிலவே 2021-இல் பட்டியலேறின. அவற்றுள் ஒன்று, மைக்ரோஸாப்ட் நிறுவனத்தார் தாமே விற்ற சர்பேஸ் ஸ்டூடியோ 2-இல் அமைந்த செயலி என்பது நோக்கற்பாலது.

நிறுவனத்தார் கூறும் காரணம் பொய்யன்று. டி.பி.எம். மறைகுறித் திறவுகோல்களைக் காத்து, வட்டு களவுபோயினும் அதிலுள்ளவற்றைப் பிறர் படியாவண்ணம் தடுக்கத் துணைசெய்கின்றது. அஃதில்லாக் கணினி காப்பிற் சற்றுக் குறைந்ததே. ஆயினும், திருத்தமே பெறாத விண்டோஸ் 10 அதனினும் குறைந்ததன்றோ? மேலும், விலக்கைக் கடக்கும் வழியொன்றை 2021-இல் அந்நிறுவனத்தாரே வெளியிட்டு, அவ்வழி செல்வோர் திருத்தங்களை உரிமையாகக் கோருதல் இயலாது என்றும் உடனெழுதினர். இயலாதது இது, இசையாதது இது என்று அவர் தம் பட்டியலைப் பிரித்துக் காட்டியிருப்பின், வறிய மாணவன் ஒருவன் இயங்கும் கணினியை எறிந்துவிட்டுக் கடன்பட நேராது.

தன் கட்டுரைகளுக்கு வேறோரிடத்தும் படிவைத்திருக்கும் மாணவன் துணியலாம். புதுப்பதிப்புகள் பெரும்பாலும் தாமே வந்தெய்தா. அவனே நிறுவிக்கொள்ளல் வேண்டும். பிறர் மதிப்பெண்ணும் கட்டணக் கணக்கும் தங்கும் அலுவலகக் கணினியில் இதனைச் செய்தல் முறையன்று. தன் பொருளை இடருக்குள்ளாக்குதல் வேறு, பிறர் பொருளை உள்ளாக்குதல் வேறு.

எழுதவும் படிக்கவும் மட்டுமே வேண்டுவோர்க்கு லினக்ஸ் நல்லது. அங்கும் விலக்கு இல்லாமலில்லை. லினஸ் டார்வால்ட்ஸ் 1991-இல் அதனைப் படைத்தது 386 செயலியின்மீது. அச்செயலிக்கான ஆதரவோ 2012 டிசம்பரில் அதன் மூலநிரலினின்றும் நீக்கப்பட்டது. பிறந்த வீட்டையே துறந்தது என்னலாம். ஆயின் இடைப்பட்டவை இருபத்தோர் ஆண்டுகள். அப்பழஞ்செயலியைத் தாங்குதல் தமக்கு ஓயாத மிகைவேலையாயிற்று என்னும் காரணத்தையும் நிரல் எழுதுவோர் வெளிப்படையாகவே கூறினர்.