வீட்டுப் பட்டறை: முறிந்த திருகாணி

கடல் கடந்து வாழும் மக்களின் நலத்தை நாடோறும் கைப்பேசித் திரையில் கண்டு மகிழும் பெற்றோர் நம் சங்கக் குடும்பங்களில் பலர் உளர். அவர்களுள் அம்மையார் ஒருவர் இத் திங்கள் நமக்கு ஒரு வினா விடுத்துள்ளார். அமெரிக்காவில் வாழும் அவருடைய மகனும் மருமகளும், கோடையில் குழந்தைகளுடன் ஊர் சுற்றும் பொருட்டுப் பழைய மோட்டார் இல்லம் ஒன்றை விலைக்கு வாங்கியுள்ளனர். அதன் வெளிமூலைகளில் ஓடும் அலுமினியப் பட்டையைப் பிடித்துள்ள திருகாணிகள் துருவேறி, திருப்புளியை வைத்தவுடன் தலை முறிகின்றனவாம். பட்டறைக்காரர் கேட்கும் கூலியோ மிகுதி. “முறிந்த இடத்தில் சிலிகான் பசையைப் பூசி மூடிவிடலாம் என்பது மகனுடைய எண்ணம், அது கூடாது என்பது மருமகளின் வாதம். யார் பக்கம் நியாயம்?” என்பதே அம்மையாரின் வினா.

நியாயம் மருமகளின் பக்கமே உள்ளது. காரணத்தையும் பரிகாரத்தையும் இனிக் காண்போம்.

மோட்டார் இல்லம் என்பது சமையல், படுக்கை, நீராடல் ஆகிய வசதிகள் யாவும் அமைந்த, தானே ஓடும் வண்டியாகும். ஐக்கிய அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து எல்க்கார்ட் நகரைச் சுற்றி இத் தொழில் பெரிதும் வேரூன்றியுள்ளது. இவ் வண்டியின் சுவர் நம் வீட்டுச் சுவரைப் போன்றதன்று. வெளியே கண்ணாடி நாரினாலோ அலுமினியத்தாலோ ஆகிய மெல்லிய தகடு. அதன் பின்னே பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகை. நடுவே மரச்சட்டமும் நுரைப்பலகையும். சுவரும் கூரையும் கூடும் மூலையில் தகடுகளின் விளிம்பு திறந்து நிற்கும். அத் திறப்பை மூடுவதே அலுமினியப் பட்டையின் பணி. பட்டைக்கு அடியில் பியூட்டில் எனப்படும் பிசுபிசுப்பான நாடா ஒன்று உண்டு. நீரைத் தடுப்பது அந் நாடாவே. அதை அழுத்திப் பிடிப்பவை திருகாணிகள். திருகாணித் தலைகளை மறைப்பது பட்டையின் காடியில் செருகிய வினைல் கீற்று.

ஆண்டுகள் செல்லச் செல்ல வெயிலில் வினைல் சுருங்குகின்றது. முனைகளில் இடைவெளி விழ, மழைநீர் காடிக்குள் இறங்கித் தேங்குகின்றது. இரு வேறு உலோகங்களுக்கு இடையே ஈரம் புகுந்தால் மின்னோட்டம் பிறக்கும் என்பதை இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800ஆம் ஆண்டிலேயே உலகிற்கு அறிவித்தார். அந்த மின்கலம் ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் சிறு அளவில் உருவாகின்றது. எஃகின்மேல் உள்ள துத்தநாகப் பூச்சு முதலில் கரைகின்றது. அலுமினியம் வெண்பொடியாக அரிபடுகின்றது. ஈரமரத்தில் புதைந்த தண்டு துருப்பிடித்து மெலிகின்றது. துரு, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கு மேல் இடம் கொள்வது. ஆதலின் அது மரைகளை இறுகக் கவ்விக் கொள்ளும். திருப்புளியால் முறுக்கும்போது மெலிந்த கழுத்து முறியாமல் என் செய்யும்?

எனவே முறிந்த திருகாணி நோயன்று, நோயின் அறிகுறியே. நீர் உள்ளே புகுந்துவிட்டது என்பதே அதன் பொருள். அதன்மேல் பசை பூசினால், இனி வரும் நீரில் ஒரு பகுதி தடைப்படலாம். முன்னமே புகுந்த நீர் வெளியேற வழியின்றி மரத்தை மக்கச் செய்யும். தகடு பலகையை விட்டுப் பிரிந்து வயிறு உப்பினாற்போல் வீங்கும். திருகாணியோடு முடியவேண்டிய செலவு சுவரையே மாற்றும் செலவாகிவிடும். மேலும், சிலிகான் படிந்த இடத்தில் பின்னர் வேறு பசை பற்றாது, வண்ணமும் ஒட்டாது. அடுத்து வேலை செய்பவர் அதைச் சுரண்டியெடுப்பதற்கே அரைநாள் போக்கவேண்டும்.

இனிப் பரிகாரம். மழையற்ற இரண்டு நாள் வேண்டும். முதலில் வினைல் கீற்றை உருவி எடுத்து, எத்தனை திருகாணிகள் துருவேறின என்று எண்ணுக. பிறகு பட்டையின் அருகே சுவரை விரல் முட்டியால் தட்டிப் பார்க்க. உறுதியான இடம் கணீரென ஒலிக்கும். மக்கிய இடம் மந்தமாக ஒலிக்கும், அழுத்தினால் உள்வாங்கும். மரம் மக்கியிருப்பின் புதிய திருகாணி அங்குப் பிடிக்காது. முதலில் மரவேலை, பின்பே திருகாணி.

தலை முறியாத திருகாணிகளைப் பொறுமையுடன் கையாள வேண்டும். தலையிலுள்ள பள்ளத்தை ஊசியால் துப்புரவு செய்து, அதற்கே உரிய முனையைப் பொருத்துக. அமெரிக்க வண்டிகளில் சதுரப் பள்ளமே பெருவழக்கு. 1908ஆம் ஆண்டில் கனடா நாட்டு ராபர்ட்சன் கண்ட அமைப்பு அது. அதில் கூட்டற்குறி முனையைத் திணித்தால் பள்ளம் தேய்ந்து, உள்ள வழியும் அடைபடும். முனையைப் பொருத்திச் சுத்தியலால் இலேசாக இரண்டு தட்டுத் தட்டினால் துருவின் பிடி தளரும். பின்பு இறுக்கும் திசையில் மயிரிழை திருப்பி, அதன் பிறகே கழற்றும் திசையில் திருப்புக. அசையாவிடில் பற்றவைக்கும் ஈயக்கோலைச் சூடேற்றித் தலைமேல் ஒரு நிமிடம் வைக்கலாம். சுடரை மட்டும் காட்டற்க. தகடும் வினைலும் கருகிவிடும். துரு நீக்கும் எண்ணெயும் இங்கு ஆகாது. அது மரத்தில் ஊறினால் பின்னர் ஒட்டவேண்டிய நாடா ஒட்டாது.

தலை முறிந்து தண்டு எஞ்சினால், ஏனைய திருகாணிகளைக் கழற்றிப் பட்டையை வளைக்காமல் மெல்ல அகற்றுக. தண்டு சிறிது வெளியே நீட்டியிருப்பின் பூட்டுக் குறட்டால் கவ்வி இடப்புறமாகச் சுழற்ற, பெரும்பாலும் வந்துவிடும். சுவரோடு சமமாக முறிந்திருப்பின் மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, பழைய தண்டை அங்கேயே விட்டு, 2 அல்லது 3 சென்டிமீட்டர் தள்ளிப் பட்டையில் புதுத் துளையிடுவது. கீற்று மறைத்துவிடுமாதலின் அழகு கெடாது. பழைய துளையை நாடாவும் பசையும் அடைத்துவிடும். எளிய வழி இதுவே. சட்டத்தின் எல்லைக்குள் துளை அமைய வேண்டும் என்பதொன்றே கவனிக்கத் தக்கது.

இரண்டு, தண்டின் நடுவில் பஞ்ச்சால் குறியிட்டு, 2 அல்லது 2.5 மில்லிமீட்டர் அளவுள்ள இடச்சுழி டிரில் முனையால் துளைப்பது. துளைக்கும்போதே தண்டு கழன்று வருவதும் உண்டு. கடையில் விற்கும் திருகாணி உருவியை இத்துணைச் சிறு தண்டில் நுழைப்பது அறிவுடைமையன்று. அது கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் சாதாரண டிரில் முனை அதைத் தொடவும் இயலாது.

மூன்று, திருகாணியைக் காட்டிலும் சற்றே அகன்ற உட்குழிவுடைய எஃகுக் குழாய்த் துண்டில் அரத்தால் பல் வெட்டி, அதனை டிரில்லில் பொருத்தித் தண்டைச் சுற்றி மரத்தைக் குடைந்து, தண்டோடு சேர்த்துப் பெயர்த்தெடுப்பது. அத் துளையை நீர்தாங்கும் பசை தோய்த்த மரமுளையால் அடைத்து, நன்கு உலர்ந்தபின் நடுவே புதுத் துளை இடுக. துளையும் முளையும் பட்டையின் அகலத்திற்குள் அடங்குதல் வேண்டும்.

புதிய திருகாணிகள் துருவேறா எஃகாக இருக்கட்டும். ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த 304 என்னும் வகை போதும். பழையதன் பருமனே கொள்க. நீளத்தை மனம்போல் கூட்டற்க. சுவருக்குள் மின்கம்பியும் குழாயும் ஓடுகின்றன. இவ்வெஃகு சற்றே மென்மையானதாதலின், வழிகாட்டும் சிறு துளை இடாமல் முறுக்கினால் இதுவும் முறியும். 4 மில்லிமீட்டர்த் திருகாணிக்கு மென்மரத்தில் 2.5 மில்லிமீட்டர்த் துளை ஏற்றது.

பழைய நாடாவைப் பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டி, டர்ப்பன்டைனுக்கு மாற்றாக விற்கும் மினரல் ஸ்பிரிட்டால் துடைத்து, இடத்தை உலரவிடுக. புதிய பியூட்டில் நாடாவைப் பட்டையின் அடியில் ஒட்டி, ஒவ்வொரு திருகாணியையும் நீர்த்தடைப் பசையில் தோய்த்துக் கையாலேயே திருகுக. அப் பசை அலுமினியத்தையும் எஃகையும் பிரித்து நிறுத்தி, முன் சொன்ன மின்கலம் உருவாகாமல் காக்கும். ஒரேயடியாக இறுக்காமல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சிறிது சிறிதாக இறுக்கி, மறுநாள் மீண்டும் ஒருமுறை இறுக்க, நாடா நன்கு பிதுங்கி இடைவெளிகளை நிரப்பும். பட்டையின் மேல்விளிம்பில் சிலிகான் அல்லாத பசையால் ஒரு கோடு இடுக. கீழ்விளிம்பைத் திறந்தே விடுக. தப்பித் தவறிப் புகும் நீர் வெளியேற ஒரு வாயில் வேண்டுமன்றோ? இறுதியில் புதிய வினைல் கீற்றை வெயிலில் காயவைத்து, இழுக்காமல் செருகுக. இழுத்துச் செருகிய கீற்று விரைவிலேயே சுருங்கிப் பழைய கதையைத் தொடங்கிவிடும்.

இவை யாவும் அயல்நாட்டு வண்டிக்கே உரியன என்று ஏனைய நேயர்கள் எண்ணவேண்டா. தில்லியிலும் நாகபுரியிலும் ஒவ்வொரு கோடையிலும் ஏர் கூலரின் தகட்டைக் கழற்றப் புகுந்து திருகாணித் தலையை முறிப்போர் எத்தனை பேர்! மும்பைக் கடற்காற்றில் அலுமினியச் சன்னல் சட்டத்தில் வெண்பொடி பூத்திருப்பதைக் காணாதார் யார்? இரு உலோகமும் ஈரமும் கூடுமிடமெல்லாம் இதே கதைதான். துருவேறா எஃகுத் திருகாணி, ஒரு துளி பசை, ஆண்டிற்கு ஒருமுறை கழற்றிப் பார்த்து மாட்டும் வழக்கம் ஆகிய இம் மூன்றும் இருப்பின் மிஸ்திரிக்குக் கொடுக்கும் கூலி பெரிதும் மிச்சமாகும்.

அம்மையார் தம் மகனுக்கு எழுதும்போது, செலவைக் குறைக்க வேண்டும் என்னும் அவருடைய எண்ணம் தவறன்று என்பதையும் சேர்த்து எழுதுவாராக. பட்டறைக்காரருக்குக் கொடுக்கும் கூலியின் பெரும்பகுதி உழைப்புக்கே உரியது. அவ்வுழைப்பைக் கணவனும் மனைவியும் ஒரு வார இறுதியில் தாமே செய்துவிடலாம். ஒருவர் பட்டையைப் பிடிக்க, மற்றவர் திருகாணியை முடுக்கவேண்டிய வேலை அது. குழந்தைகள் உறங்கப்போகும் சுவரை உலர்ந்த சுவராக்கிவிட்டுப் பயணம் புறப்படட்டும்.