தடமும் காரணமும்

கணினிச் செய்நிரல் எழுதுவோர்க்கு வழு நேர்தல் இயல்பு. அஃது இழுக்கன்று; வழுவின் காரணத்தைத் தேடாது விடுதலே இழுக்கு என்பது எமது துணிபு.

ஒரு செய்நிரல் இடையிலே நின்றுபோகுங்கால், எச்சார்பு எதனை அழைத்தது, எவ்வரியில் ஓட்டம் தடைப்பட்டது என்பவற்றைக் கணினி நிரைப்படுத்திக் காட்டும். இவ்வழைப்புத் தடம் வீழ்ந்த இடத்தைக் கூறும். வீழ்த்தியது யாதெனப் பெரும்பாலும் கூறாது. பைதன் மொழியில், அடுக்கடுக்காய் அமைந்த தரவினுள் ஒரே வரியில் மும்முறை புகுகின்றோம் எனக் கொள்வோம். இடையில் ஒன்று வெறுமையாயின் ஓட்டம் நின்றுவிடும். மூன்றனுள் எவ்விடத்தில் என்பதை 2022 இல் வெளியான 3.11 ஆம் பதிப்பே குறியிட்டுக் காட்டத் தொடங்கிற்று. ஜாவா மொழி இத்தகைய விளக்கத்தை 2020 இல், 14 ஆம் பதிப்பிற் பெற்றது.

இவை நன்றே, ஆயினும் போதா. பிழையான பெறுமானத்தை ஆக்கிய சார்பு தன் பணியை முடித்து முன்னரே மீண்டிருப்பின், அதன் பெயர் தடத்தில் இராது. குற்றவாளி அகன்றபின் அங்கு நிற்போரை மட்டும் எண்ணிச் சொல்லும் சாட்சி போன்றதே அத்தடம்.

அந்நிலையில் மனம்போனவாறு வரிகளை மாற்றுதல் பேதைமை. உள்ளீட்டைச் சுருக்குக, இடைப் பெறுமானங்களை அச்சிட்டு நோக்குக. நேற்று இயங்கியது இன்று இயங்காதாயின், இடைப்பட்ட மாற்றங்களைப் பாதி பாதியாய்ப் பகுத்துச் சோதிக்குக. ஆயிரம் மாற்றங்களுள் வழுப் புகுந்த ஒன்றைப் பத்துச் சோதனைகளில் அடையலாம்.

வழுவைப் பிடித்து வாய்பொத்தி மறைக்கும் செய்நிரலோ அனைத்தினுங் கொடிது. அது பின்வருவோர்க்குத் தடத்தையும் விட்டுவைப்பதில்லை. எதிர்பார்த்தது இது, கிடைத்தது இது என வழுச்செய்தியில் எழுதிவைத்தல் செய்நிரலாளன் கடன்.

உயர்தர வகுப்பில் நம் மாணாக்கர் பைதன் பயில்கின்றனர். சரியான விடை தரும் செய்நிரலை எழுதப் பழகுகின்றனர். பிறர் எழுதிப் பழுதுற்றதை ஆராயப் பழகுதல் குறைவு. தொழிலிலோ பிந்தியதே நாடோறும் நேர்வது. ஆதலின், இத்துறையிற் பணியாற்றும் பழைய மாணவர்களை ஒன்று வேண்டுகின்றோம். வகுப்பறைக்கு வருங்கால், வெற்றிபெற்ற செய்நிரல்களோடு வழுவுற்ற செய்நிரல் ஒன்றையுங் கொணர்க. விடையைக் கூறாது மாணாக்கர் கையிற் கொடுக்க. காரணம் கண்டறியும் பொறுமையினும் மேலான பரிசு பிறிதில்லை.