கேட்பவரே அனுமதிப்பவரா?

மத்திய அரசு மாதந்தோறும் 7,500 முதல் 9,000 வரை தொலைபேசி ஒட்டுக்கேட்பு உத்தரவுகளைப் பிறப்பித்துவந்த விவரம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுப்பிய கேள்வியால்தான் வெளியே வந்தது. அந்த உத்தரவுகள் சரிதானா என்று பார்க்க வேண்டிய மறுஆய்வுக் குழு, இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. அப்படியானால் ஒவ்வொரு கூட்டத்திலும் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பரிசீலித்தாக வேண்டும். இது நடக்கிற காரியமல்ல என்று நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018 அறிக்கையில் சுட்டிக்காட்டியது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தேநீருக்குக்கூட எழாமல் எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும், ஓர் உத்தரவுக்கு இரண்டு விநாடி முழுதாகக் கிடைக்காது. யாருடைய எண், என்ன காரணம், எத்தனை நாளைக்கு என்று கோப்பைப் புரட்டக்கூட அது போதாது. மாநில அரசுகளின் உத்தரவுகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. ஒட்டுக்கேட்புக்கு முன்கூட்டியே நீதிபதியின் ஒப்புதல் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இந்த இரண்டு விநாடியே முதல் காரணம்.

இப்போதைய முறையில் விசாரணை அமைப்பு கேட்கிறது, உள்துறைச் செயலர் அனுமதிக்கிறார், அமைச்சரவைச் செயலர் தலைமையில் வேறு இரு செயலர்கள் பின்னர் சரிபார்க்கிறார்கள். மாநிலங்களில் அந்தத் தலைமை இடம் தலைமைச் செயலருக்கு. கேட்பவர், கொடுப்பவர், தணிக்கை செய்பவர் மூவரும் ஒரே அரசு நிர்வாகத்தின் ஊழியர்கள். இந்த ஏற்பாட்டின் வேர் 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தில் இருக்கிறது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், தொலைபேசி உரையாடல் அந்தரங்கத்தின் ஒரு பகுதி என்று 1996இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் சட்டத்தில் இடமில்லாதபோது நீதிமன்ற முன்அனுமதியைத் தானே கட்டாயமாக்க முடியாது என்று சொல்லி, செயலர்களையே காவலுக்கு வைத்தது. இடைக்கால ஏற்பாடாக வந்தது 2007இல் நிரந்தர விதியானது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்த பிறகாவது இது மாறியிருக்க வேண்டும். 2023இல் தந்திச் சட்டத்துக்குப் பதிலாகத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 140க்கும் மேற்பட்டோர் இடைநீக்கத்தில் இருந்த வாரத்தில் நிறைவேறிய அந்தச் சட்டமும், 2024 டிசம்பரில் வந்த அதன் விதிகளும் அதே செயலர்களையே திரும்பவும் உட்கார வைத்தன. நீதிமன்றம் 1996இல் விட்டுவைத்த இடத்தை நிரப்பும் வாய்ப்பை நாடாளுமன்றம் கைநழுவவிட்டது.

இந்த ஏற்பாடு நடைமுறையில் எப்படி இயங்குகிறது என்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பே சாட்சி. லஞ்சப் புகார் ஒன்றை விசாரித்த சிபிஐக்கு, ஒருவரின் கைபேசியை ஒட்டுக்கேட்க 2011 ஆகஸ்டில் உள்துறை அமைச்சகம் அனுமதி தந்தது. பொது நெருக்கடி அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற நிலை இருந்தால்தான் இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தலாம். சாதாரணக் குற்றப் புலனாய்வுக்கு அது கருவி அல்ல என்று கூறி, 2025 ஜூலை 2 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அந்த உத்தரவை ரத்துசெய்தார். பதிவான விவரங்கள் மறுஆய்வுக் குழுவின் முன் உரிய காலத்தில் வைக்கப்படவே இல்லை என்பதையும் தீர்ப்பு பதிவுசெய்தது. ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அதற்குச் சில நாள்களுக்கு முன் வேறு விதமாகச் சொல்லியிருந்தது. எது சரி என்பதை உச்ச நீதிமன்றம் முடிவுசெய்யட்டும். இங்கே கவனிக்க வேண்டியது காலக் கணக்கு: உத்தரவு செல்லாது என்று தெரிய ஏறத்தாழ பதினான்கு ஆண்டுகள் ஆயின. அதுவும் வழக்கு நடந்ததால் தெரிந்தது. வழக்கே போடாமல் யாருடைய பேச்சையெல்லாம் கேட்டார்களோ, அவர்களுக்கு இன்றுவரை தெரியாது. தெரியாதவர் எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது.

பின்னால் விசாரித்துக்கொள்ளலாம் என்பது எவ்வளவு பலவீனமான நம்பிக்கை என்பதைப் பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரம் காட்டியது. 2021இல் உச்ச நீதிமன்றம் அமைத்த நிபுணர் குழு 29 கைபேசிகளைச் சோதித்தது. ஐந்தில் ஏதோவொரு உளவு மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதிப்படுத்த முடியவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு கூறியதை 2022 ஆகஸ்டில் அன்றைய தலைமை நீதிபதி என்.வி. ரமணா திறந்த நீதிமன்றத்திலேயே சொன்னார். நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே பின்னால் பதில் கிடைக்காதபோது, முன்னால் ஒரு வாசல் வைப்பதைத் தவிர வேறு வழி எது?

இதற்கு வரும் மறுப்புகளில் முதலாவது, அவசரம். குண்டு வைக்கப்போகிறவனின் பேச்சைக் கேட்க நீதிபதி எழுந்திருக்கும்வரை காத்திருக்க முடியுமா? வேண்டாம். பிரிட்டனின் 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைச்சர் கையொப்பமிட்ட ஆணையை நீதித்துறை ஆணையரும் ஏற்க வேண்டும். அவசரமென்றால் உடனே தொடங்கலாம், மூன்று வேலை நாள்களுக்குள் ஆணையர் முடிவு சொல்வார். பயங்கரவாதத்தை அறியாத நாடு அல்ல அது. இரண்டாவது, இத்தனை ஆயிரம் விண்ணப்பங்களை நீதிபதிகள் எப்படிப் படிப்பார்கள் என்பது. மாதம் 9,000 என்றால் நாளைக்கு 300. அவை நீதிபதிகளின் நேரத்துக்கு அதிகம் என்றால், நூறு வேலைகளுக்கு நடுவே உள்துறைச் செயலர் மட்டும் எப்படிப் படித்தார்? இந்த மறுப்பு நம் வாதத்துக்கே வலுச்சேர்க்கிறது. படிக்க முடியாத அளவுக்கு உத்தரவுகள் குவிந்தால், குறைக்க வேண்டியது உத்தரவுகளைத்தான்.

மூன்றாவது மறுப்பு நியாயமானது. நீதிபதியும் நீட்டிய இடத்தில் கையொப்பமிடுபவராகிவிட்டால்? அமெரிக்காவில் உளவு விண்ணப்பங்களை ரகசியமாக விசாரிக்கும் நீதிமன்றம் பெரும்பாலானவற்றை அனுமதித்தே வந்திருக்கிறது. எதிர்த்தரப்பில் பேச ஆள் இல்லாத அறையில் அப்படித்தான் ஆகும். ஆகவே கண்காணிக்கப்படுபவருக்காக வாதாட, ரகசியக் காப்புக்குக் கட்டுப்பட்ட வழக்கறிஞர் ஒருவர் அங்கே வேண்டும். கண்காணிப்பு முடிந்து, ஆபத்து நீங்கிய பிறகு உரியவருக்குத் தகவல் சொல்லவும் வேண்டும். அப்படிச் சொல்லாமல் விட்டது அரசமைப்புக்கு முரண் என்று 2021இல் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே அனுமதி தருபவர் ஏற்கெனவே ஒரு நீதிபதிதான் என்பது குறிப்பிடத்தக்கது.

தவறு செய்யாதவருக்கு என்ன பயம் என்று கடைசியாகக் கேட்பார்கள். கிரேக்கத்தில் 2004-05இல் பிரதமர் கோஸ்தாஸ் கரமன்லிஸ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரின் கைபேசிகளை முகம் தெரியாத யாரோ ஒட்டுக்கேட்டார்கள். அரசின் முறையான ஒட்டுக்கேட்புக்கென்று தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த வசதிக்குள்தான் அவர்கள் நுழைந்திருந்தார்கள். போலீஸுக்காகத் திறந்த கதவு வழியே திருடனும் வரலாம். ஒட்டுக்கேட்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் நேரே ஒரு நீதிபதியின் உத்தரவு எண் இருந்து, இரண்டையும் வெளியார் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடும் இருந்தால், உத்தரவில்லாத எண் கண்ணில் படும். அதிகாரத்தைக் கட்டுப்படுத்தும் கணக்கேடே பாதுகாப்புக்கும் உதவும்.

தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவிலும், கணினித் தகவல்களை இடைமறிக்க வகைசெய்யும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவிலும் திருத்தம் வேண்டும். உயர் நீதிமன்ற நீதிபதியின் முன்அனுமதி, அவசரத்தில் மூன்று நாள்களுக்குள் ஒப்புதல், பின்னர் உரியவருக்குத் தகவல், எத்தனை உத்தரவுகள் கேட்டு எத்தனை கிடைத்தன என்ற விவரம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில்: இவ்வளவே. இவற்றில் எதுவும் எந்தப் புலனாய்வின் ரகசியத்தையும் வெளியிடாது. ஒரு குடிமகனின் பேச்சைக் கேட்கத் தகுந்த காரணம் அரசிடம் இருக்குமானால், அதை ஒரு நீதிபதியிடம் சொல்ல இரண்டு விநாடிக்கு மேல் ஒதுக்கலாம்.