பூட்டு தங்கச்சிக்கு, திறந்த கதவு திருடனுக்கு!

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு அவசரச் சட்டம். பிளஸ் டூ படிக்கும் தங்கச்சியின் போனுக்கு இனி வைஃபை கிடையாது. உத்தரவு அப்பாவுடையது, நிறைவேற்றியவன் அடியேன். (கம்ப்யூட்டர் படிக்கும் பையன் வீட்டில் இருந்தால் இதெல்லாம் தலையில் விழும்.)

ரவுட்டருக்குள் நுழைந்து அவள் போனின் மேக் முகவரியைத் தடைப்பட்டியலில் போட்டேன். ஐந்து நிமிட வேலை. மறுநாள் சாயங்காலம் அம்மணி ஜம்மென்று கூடத்தில் உட்கார்ந்து வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். போனில் ஒரே ஒரு அமைப்பைத்தான் மாற்றியிருந்தாள்!

விஷயம் இதுதான். மேக் முகவரி என்பது 48 பிட், அதாவது 12 இலக்க அடையாளம். தொழிற்சாலையில் கொடுப்பது என்றாலும் மென்பொருளால் மாற்றிக்கொள்ளலாம். போகிற இடமெல்லாம் நம்மைப் பின்தொடரக் கூடாது என்று 2019-ல் ஆண்ட்ராய்ட் 10-ம், 2020-ல் ஐஓஎஸ் 14-ம் போலி முகவரி காட்டுவதையே வழக்கமாக்கிவிட்டன. சரி, அனுமதித்த சாதனங்களை மட்டும் விடலாமே என்பீர்கள். பாஸ்வேர்ட் போட்ட வைஃபையிலும் இந்த முகவரி மட்டும் மறைக்கப்படாமல்தான் காற்றில் போகிறது. பக்கத்து வீட்டிலிருந்து பிடித்துப் போட்டுக்கொள்ளலாம். பெயரைக் கேட்டு உள்ளே விடும் வாட்ச்மேன், பெயர்ப் பட்டியலையும் கேட்டிலேயே ஒட்டிவைத்த கதை!

எனக்குக் கோபம் இதில் இல்லை. தங்கச்சியைப் பூட்டிய அதே ரவுட்டரின் நிர்வாக பாஸ்வேர்ட், கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. 2016-ல் மிராய் என்ற தீநிரல் இப்படித்தான் பரவியது. 60 சொச்சம் தொழிற்சாலைப் பாஸ்வேர்ட்களை முயன்று பார்த்தே கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது. அந்த அக்டோபரில் அவற்றை ஏவி டின் நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர் உட்படப் பல தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. பட்டனை அழுத்தி இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியின் 8 இலக்க எண்ணை 11,000 முயற்சிக்குள் உடைக்கலாம் என்பது 2011-லேயே தெரிந்த கதை. எங்கள் வீட்டில் அதுவும் திறந்தே கிடந்தது.

திருடனுக்கு வாசலைத் திறந்துவைத்துவிட்டு வீட்டுப் பிள்ளையைப் பூட்டுவதற்குப் பெயர் பாதுகாப்பா?

"அப்போ பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாதா?" கண்டியுங்கள், பேசிக் கண்டியுங்கள். மொபைல் டேட்டாவை எந்த ரவுட்டர் தடுக்கும்? இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்கிறேன். நான் பிளஸ் டூ படித்தபோது ராத்திரி ஒரு மணிவரை கேம் ஆடினேன். யாரும் பட்டியல் போடவில்லை. அவளுக்கோ டீச்சர் அனுப்பும் நோட்ஸ் எல்லாம் வாட்ஸப்பில்தான் வருகிறது.

தடையை எடுத்துவிட்டேன். நிர்வாக பாஸ்வேர்டை மாற்றி, டபிள்யூபிஎஸ்ஸை அணைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, டிவியையும் கேமராவையும் விருந்தினர் இணைப்புக்குத் தள்ளினேன். வைஃபைக்கு நீளமான பாஸ்வேர்ட். இதற்கு அரை மணி நேரம் ஆனது.

பிறகு நால்வரும் உட்கார்ந்து பேசி, ராத்திரி பத்தரைக்கு மேல் வைஃபை யாருக்கும் இல்லை என்று முடிவு செய்தோம். தங்கச்சி ஒப்புக்கொண்டு இன்றுவரை மீறவில்லை. பத்தே முக்காலுக்கு "ஏண்டா, நெட் வரலையே?" என்று கேட்பவர் அப்பா மட்டும்தான்.